கண் சொருகும் நேரத்தில் முகங்கள் தெரிவது மனநோயா, பேய்க் கோளாறா?

கேள்வி: கல்முனையில் உயர்தரப் பரீட்சைக்கு இரவு இரண்டு மணி வரை கண் விழித்துப் படிக்கிறேன். நித்திரை வரும் நேரத்தில் முன்பின் தெரியாத முகங்கள் தெரிகின்றன. யாரோ பெயர் சொல்லி அழைக்கிறார்கள். சில நாள் விடியற்காலையில் கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ ஏறி இருப்பது போல் இருக்கிறது. அம்மா நூல் கட்டக் கூட்டிப்போக நிற்கிறார். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

இல்லை, தங்கச்சி. பைத்தியமும் பிடிக்கவில்லை, பேயும் பிடிக்கவில்லை.

நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு வேறு சங்கதிகள். கண் சொருகும்போது உருவம் தெரிவதும் குரல் கேட்பதும் ஒன்று. உடம்பு கட்டுண்டு கிடப்பது இன்னொன்று.

முதலாவது மிகவும் சாதாரணம். பிரித்தானியாவில் 4,972 பேரிடம் விசாரித்து 1996இல் வெளியான ஆய்வில், 37 சதவீதமானோர் நித்திரைக்குப் போகும்போது இப்படி ஏதோ ஒன்றைக் கண்டதாக அல்லது கேட்டதாகச் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் மனநோய் இருக்க முடியாது. மூளை ஒரேயடியாக உறங்கிவிடுவதில்லை. அறைக்குள் படுத்திருக்கிறோம் என்ற நினைவு இருக்கும்போதே கனவு வேலையைத் தொடங்கிவிடுகிறது. அது எடுத்தாள்வதும் பெரும்பாலும் பகலில் நாம் செய்த வேலையைத்தான். ரொபர்ட் ஸ்டிக்கோல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிலரை டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாட வைத்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். பலருக்குக் கண்ணை மூடியதும் கட்டைகள் விழுவது தெரிந்தது. அவர்களுள் புதிய விடயம் எதுவும் நினைவில் நிற்காத நோயாளிகளும் இருந்தார்கள். விளையாடியதே மறந்துபோன அவர்களில் சிலருக்கும் கட்டைகள் தெரிந்தன.

எங்கள் பக்கத்து வேளாண்மைக்காரருக்கு இது புதினமில்லை. இளவயதில் படுவான்கரையில் அப்பாவுடன் வட்டைக் காவலுக்கு, அதாவது வயற்காவலுக்கு, போவேன். யானை வரும் காலம். ஒருவர் விழித்திருக்க மற்றவர் பரணில் கண்ணயர வேண்டும். ஒரு நாள் அரிக்கன் லாம்பைத் தணித்துவிட்டுக் கண்ணை மூடினேன். இமைக்குள் நெற்கதிர்கள் அசைந்தன. நேரில் பார்ப்பதை விடத் துல்லியமாக, மணி மணியாக. பிறகு அவை முகங்களாயின. எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. மூக்குத்தி போட்ட ஒரு பெண், பல்லில்லாத வாயால் எதையோ மென்றுகொண்டிருந்த ஒரு கிழவர். ஒன்று தெளிந்து வரும்போதே உருகி அடுத்தது ஆனது. திடீரென்று காதுக்குப் பின்னால் அம்மாவின் குரல், என் பெயரை ஒரேயொரு முறை சொன்னது. துடித்து எழுந்து உட்கார்ந்தேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், “அம்மாவா கூப்பிட்டா? காவல் கிடக்கிறவனுக்கெல்லாம் அப்படித்தான் கேட்கும், படு” என்றார்.

காவல் கிடக்கிறவனுக்கு என்று அவர் சொன்னதில்தான் விடயம் இருக்கிறது. நித்திரை குறையக் குறைய இவை கூடும். இரவு இரண்டு மணி வரை கண் விழித்துப் படிக்கும் உங்களைப் போன்றவர்களும் காவல்காரர்தான்.

இனி இரண்டாவது. என் பெத்தா, அதாவது பாட்டி, இதை அமுக்குப் பேய் என்பார். முஸ்லிம் அயலவர்கள் சிலர் ஜின் என்பார்கள். கனவு காணும் கட்டத்தில் மூளை தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போடுகிறது. அதனால்தான் கனவில் ஓடுபவர் பாயை விட்டு எழுந்து ஓடுவதில்லை. அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், உடம்பு அசையாது, கனவின் மிச்சம் அறைக்குள் நிற்கும். நெஞ்சுத் தசைகளும் தளர்ந்திருப்பதால், பயந்து ஆழமாக மூச்சிழுக்க முயலும்போது பாரம் ஏறியது போல் இருக்கும். ஆனால் மூச்சு நிற்காது. 35 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கணக்கில், பொதுவாக 7.6 சதவீதமானோருக்கும், மாணவர்களில் 28.3 சதவீதமானோருக்கும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இது வந்திருக்கிறது. மல்லாந்து படுத்தால் கூடுதலாக வரும். வந்தால் முழு உடம்போடும் போராடாமல் ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. போரைக் கண்டு அமெரிக்காவுக்குப் போன கம்போடிய அகதிகளிடம் இந்த அமுக்கம் மிக அதிகமாக இருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் கரையிலும் போரும் 2004 சுனாமியும் கடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது அடிக்கடி வந்தால், செய்வினை என்று ஊர் ஊராகக் கொண்டு திரிவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. அவர்களுக்குத் தேவை, அன்று நடந்ததைப் பொறுமையாகக் கேட்கும் ஒரு வைத்தியர்.

நீங்கள் எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்? நன்றாக விழித்திருக்கும் பகலிலும் குரல் கேட்டால். போதிய அளவு தூங்கியும் பகலில் அடக்க முடியாமல் நித்திரை வந்தால். சிரிக்கும்போது முழங்கால் திடீரென்று தளர்ந்தால். பின்னைய இரண்டும் நார்கோலெப்சி என்ற நரம்புக் கோளாறின் அறிகுறிகளாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

அம்மாவோடு சண்டை போடாதீர்கள். நூல் கட்டினால் அவருக்கு மனம் ஆறும் என்றால் கட்டிக்கொள்ளுங்கள், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இரவிரவாக விழித்திருக்க வைத்துச் சடங்கு செய்வதாகச் சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். நித்திரை கெட்டதால் வந்ததை நித்திரையைக் கெடுத்து மாற்ற முடியாது. இரவு பதினொரு மணிக்குப் பிறகு புத்தகத்தைப் பறித்து வைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.