வாசகர் கேள்வி பதில்: கையெழுத்து போட்டது யார்?

கேள்வி: ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நானும் மாமியாரும் அமெரிக்க ரியாலிட்டி நிகழ்ச்சிகள் பார்ப்போம். ஒரே பிரசவத்தில் ஆறு குழந்தை பெற்ற வீடு, மூன்றடி நான்கடி உயரமே உள்ள பெற்றோர், எழுந்து நடக்க முடியாத அளவுக்கு எடை கூடியவர்கள், இப்படி. கல்லூரியில் படிக்கும் என் மகள், "அடுத்தவங்க கஷ்டத்தை வேடிக்கை பார்க்கிறீங்களேம்மா" என்று சண்டைக்கு வருகிறாள். நாங்கள் மனசார இரக்கப்பட்டுத்தான் பார்க்கிறோம். இது தப்பா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் இரக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பார்ப்பவருக்கு நல்ல மனசா கெட்ட மனசா என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. 90 வருடங்களுக்கு முன்னால் கனடாவில் ஐந்து சிறுமிகளைப் பார்க்க சுமார் 30 லட்சம் பேர் வந்தார்கள், அத்தனை பேரும் அன்போடுதான் வந்தார்கள்.

1934 மே 28 அன்று ஒன்டாரியோ மாகாணத்தில் காலண்டர் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு ஏழைக் குடியானவர் வீட்டில், ஒரே பிரசவத்தில் ஐந்து பெண் குழந்தைகள் பிறந்தார்கள். குறைமாதம். ஐந்து பேரையும் சேர்த்து நிறுத்தால் ஆறு கிலோதான் இருக்கும். டியோன் சகோதரிகள் என்று உலகமே பேசியது, ஏனென்றால் அப்படிப் பிறந்த ஐந்து பேரும் பிழைத்ததாக அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. பிறந்த சில நாட்களிலேயே சிகாகோ உலகக் கண்காட்சியில் குழந்தைகளை வைக்க அப்பாவிடம் ஒப்பந்தம் வாங்கிவிட்டார்கள். அவர் மனம் மாறிப் பின்வாங்கினார். ஆனால் அதையே காரணமாகக் காட்டி, பெற்றோர் கையில் விட்டால் பிள்ளைகளைக் காட்சிப்பொருளாக்கி விடுவார்கள் என்று சொல்லி, மாகாண அரசு ஐந்து பேரையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது, 1935-ல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டது. அப்புறம் அந்த அரசே என்ன செய்தது தெரியுமா? பெற்றோர் வீட்டுக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் இருக்கும் இடத்தில் கட்டிய விடுதியில் அவர்களை வைத்து, விளையாடும் முற்றத்தைச் சுற்றிப் பார்வையாளர்களுக்கு ஒரு நடைக்கூடம் கட்டியது. வெளியே நிற்பவர்கள் உள்ளே இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரியாதபடி ஒரு வலைத்திரை. தினமும் இரண்டு மூன்று தடவை குழந்தைகளை விளையாட விடுவார்கள், கூட்டம் நகர்ந்து நகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். கூட்டம் நெரிந்த நாட்களில் 6,000 பேர் வரை. அப்பாவே எதிரில் நினைவுப்பொருள் கடை போட்டார். பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் அந்த இடத்துக் கூழாங்கல்லை எடுத்துக்கொண்டு போனார்கள், எடுத்துப்போவதற்கென்றே கல்லைக் குவித்தும் வைத்திருந்தார்கள். ஓட்ஸ், சோப்பு, பற்பசை, சோளப்பாகு என்று கடையில் திரும்பிய பக்கமெல்லாம் அந்த ஐந்து முகங்கள்.

1943-ல் ஒன்பது வயதில் வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா, அம்மா, அக்கா, அண்ணன் எல்லோருமே அவர்களுக்கு அந்நியர்கள். 1998-ல்தான், அப்போது உயிரோடு இருந்த மூன்று பேருக்கு ஒன்டாரியோ அரசு 40 லட்சம் கனடா டாலர் கொடுத்தது. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவின் அயோவாவில் ஒரே பிரசவத்தில் ஏழு குழந்தைகள் பிறந்தபோது, அறுபதைத் தாண்டிய இந்த மூன்று சகோதரிகளும் அந்தப் பெற்றோருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். இப்படிப் பிறப்பது பொழுதுபோக்கும் இல்லை, பொருள் விற்பதற்கான வாய்ப்பும் இல்லை, எங்கள் வாழ்க்கை இதனால் பாழாகிவிட்டது என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

சொல்லியும் என்ன. 2007-ல் பென்சில்வேனியாவில் இரட்டையர் இருவர், ஒரே பிரசவத்தில் பிறந்த அறுவர் என்று எட்டுப் பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டில் கேமரா நுழைந்தது. நீங்களும் மாமியாரும் பார்த்தது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். மலஜலம் கழிக்கப் பழகுவது, வாந்தி எடுப்பது, அடம்பிடித்து அழுவது எல்லாம் படமானது. 2009 ஜூனில் அந்த அப்பாவும் அம்மாவும் பிரியப்போகிறோம் என்று அறிவித்த பகுதியை 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். நிகழ்ச்சிக்கே அதுதான் உச்சம். கலிஃபோர்னியாவில் 1939-லேயே குழந்தை நடிகர்களின் பணத்தைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் ரியாலிட்டி நிகழ்ச்சிக்காரர்கள் "இது நடிப்பு இல்லை, அவர்கள் பாட்டுக்கு வாழ்கிறார்கள், நாங்கள் படம் பிடிக்கிறோம், அவ்வளவுதான்" என்று சொல்லி நழுவிக்கொண்டே இருந்தார்கள். சட்டையில் மைக் மாட்டி, சோபாவில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் அது வேலைதான், ஐந்து வயதுப் பிள்ளைக்கும் வேலைதான். 2012-ல் பென்சில்வேனியா தன் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி ரியாலிட்டி நிகழ்ச்சிகளையும் உள்ளே கொண்டுவந்தது. அதற்குள் அந்த எட்டுப் பேரின் குழந்தைப் பருவத்தில் பெரும்பகுதி ஒளிபரப்பாகி முடிந்திருந்தது.

உங்கள் மகளோடு சண்டை வேண்டாம். அடுத்த தடவை டிவி போடும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: திரையில் இருப்பவர் தானே கையெழுத்து போட்டு வந்தவரா, அவருக்காக வேறு யாரோ போட்டார்களா? வேறு யாரோ போட்டிருந்தால் நான் சேனலை மாற்றிவிடுவேன், நீங்களும் மாற்றலாம்.

கேள்வி: குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது முதல் பள்ளியில் சேர்ப்பது வரை பெற்றோர்தான் முடிவு செய்கிறார்கள். டிவி நிகழ்ச்சிக்கு மட்டும் பெற்றோர் சம்மதம் போதாது என்றால் எப்படி?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: தடுப்பூசி போட்டால் பெற்றோர் கைக்குப் பணம் வராது, ஐயா. வித்தியாசம் அதுதான். பிள்ளையைக் காக்க வேண்டியவரே அதை வைத்துச் சம்பாதிப்பவராகவும் ஆகும்போது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த இடத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். நம் ஊர்ச் சட்டத்துக்கே இது புரியும். மைனர் பேரில் இருக்கும் நிலத்தை விற்க இந்துச் சட்டப்படி அப்பா கையெழுத்து மட்டும் போதாது, கோர்ட் அனுமதி வேண்டும். ஐந்து சென்ட் நிலத்துக்கு இருக்கும் காவல் அந்தப் பிள்ளையின் முகத்துக்கும் அழுகைக்கும் நோய்க்கும் வேண்டாமா?

அமெரிக்காவில் அர்கன்சாவில் 19 பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தின் நிகழ்ச்சி 2008 முதல் பல வருடம் ஓடியது. மூத்த மகன் பதின்வயதில் தங்கைகளிடமே தவறாக நடந்துகொண்ட விஷயம் 2015-ல் வெளியே வந்ததும் சேனல் அதை நிறுத்தியது. அந்த வீட்டு மகள் ஒருவர் 2023-ல் மனம் திறந்து பேசினார். தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், அது படப்பிடிப்பு ஒப்பந்தம் என்றே தனக்குத் தெரியாது, தன் பிரசவம்கூட நிகழ்ச்சிக்காகப் படமானது, பணம் அப்பாவிடம்தான் போனது, தனக்குச் சம்பளம் என்று எதுவும் வரவில்லை என்றார். கல்யாண வயதில் இருந்த பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், பால் மணம் மாறாத பிள்ளை என்ன செய்யும்?

இந்தியாவில் 2017-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் விதிகள் பரவாயில்லை. ரியாலிட்டி நிகழ்ச்சியையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரிலேயே நிரந்தர வைப்பில் போட வேண்டும். ஆனால் பிள்ளையை வைத்து வீட்டிலேயே யூடியூப் சேனல் நடத்துபவர்கள் யாராவது கலெக்டர் ஆபீஸ் படி ஏறினதாக நான் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 2024 ஜூலை முதல் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் பங்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்திருக்கிறது. இங்கேயும் வர வேண்டும்.

கேள்வி: நான் நர்ஸ். மருத்துவமனைக்குள் படம் எடுக்கும்போது நோயாளியின் முகத்தை மறைத்துவிட்டால் போதும்தானே?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர்

பதில்: போதாது, சகோதரி. நியூயார்க்கில் 2011-ல் குப்பை லாரி மோதிய ஒரு முதியவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருகிறார்கள். அங்கே ஒரு டிவி தொடருக்காகப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, அவர் மனைவி வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். முகம் மங்கலாக்கப்பட்டிருந்தது, குரலும் மாற்றப்பட்டிருந்தது. ஆனாலும் அது தன் கணவர் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் தன் மனைவியைப் பற்றிக் கேட்பதும், டாக்டர்கள் போராடுவதும், கடைசியில் கைவிடுவதும் எல்லாம் ஓடுகிறது. படம் எடுத்த விஷயமே குடும்பத்துக்கு அதுவரை தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. 2016-ல் அந்த நியூயார்க் பிரெஸ்பிடேரியன் மருத்துவமனை, நோயாளிகளின் ரகசியம் காக்காத புகாரில் 22 லட்சம் டாலர் கட்டியது.

முகத்தை மறைத்தால் ஊருக்குத்தான் தெரியாது. வீட்டுக்காரர்களுக்கு நடையும் கை அசைவும் போதும். அப்புறம், வலியில் இருப்பவரிடம் ஒரு கையில் ஊசியும் மறு கையில் சம்மதப் படிவமுமாக நின்றால், வேண்டாம் என்று சொன்னால் வைத்தியம் குறைந்துவிடுமோ என்ற பயத்திலேயே அவர் கையெழுத்து போட்டுவிடுவார். உங்கள் வார்டுக்குள் கேமரா வந்தால், அவர் நிதானத்தில் இருக்கும்போது சிகிச்சையோடு சம்பந்தமில்லாத ஒருவர் போய்க் கேட்டாரா என்று நீங்கள் விசாரிக்கலாம். கேட்கவில்லை என்றால் வெளியே போகச் சொல்லும் உரிமை ஒரு நர்ஸுக்கு இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி: பெரியவர்கள், அவர்களாகவே விரும்பி வந்தால்?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வரட்டும், நாம் யார் தடுக்க. ஆரிகன் மாநிலத்தில் பண்ணை வைத்திருக்கும் ரோலோஃப் குடும்பத்து நிகழ்ச்சி 2006-ல் தொடங்கியது. கணவன் மனைவி இருவருமே வளர்ச்சி குன்றியவர்கள். கணவர் அதற்கு முன்பே உயரம் குறைந்தவர்களுக்கான அமெரிக்கச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். தன்னைப் பற்றி எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துதான் கேமரா முன் வந்தார். சிரிப்புக்கு மட்டுமே பயன்படுத்தப்பட்ட உடலை, டிராக்டர் ஓட்டி வியாபாரம் பேசி வீட்டில் சண்டை போடும் மனிதராகப் பார்க்க வைத்தது பெரிய காரியம். ஆனாலும் அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் வளர்ந்ததும் படப்பிடிப்பே வேண்டாம் என்று விலகிவிட்டார்.

வேறு வழியில்லாமல் வருபவர்கள் கதை வேறு. 270 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களின் அமெரிக்க நிகழ்ச்சியில் கலந்துகொண்ட சிலர், சொன்ன சிகிச்சை உதவியும் மனநல உதவியும் கிடைக்கவில்லை என்று 2020-ல் தயாரிப்பு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். பிரிட்டனில் குடும்பச் சண்டைகளை மேடையில் தீர்த்த ஒரு நிகழ்ச்சியை, கலந்துகொண்ட ஒருவர் படப்பிடிப்பு முடிந்த சில நாட்களில் இறந்ததும் 2019-ல் நிறுத்தினார்கள். 2021 முதல் பங்கேற்பவர்களின் நலனைக் கவனிப்பது அங்கே சேனல்களின் கடமை. நம் 'சொல்வதெல்லாம் உண்மை'க்கும் 2018-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. பண்ணையும் பணமும் இருப்பவர் சொல்லும் சரியும், ஆபரேஷனுக்கு வழியில்லாதவர் சொல்லும் சரியும் ஒன்றில்லை, ஐயா.

கேள்வி: எங்கள் எட்டு வயது மகனுக்குப் பிறவியிலேயே தோல் செதில் செதிலாக உரியும் நோய், இக்தியோசிஸ் என்றார்கள். ஒரு யூடியூப் சேனல்காரர்கள் வீட்டுக்கு வந்து, படம் எடுத்துப் போட்டால் வைத்தியத்துக்குப் பணம் கொட்டும் என்கிறார்கள். சொந்தக்காரர்களும் ஒத்துக்கொள் என்கிறார்கள். என்ன செய்ய?
- ஓர் அம்மா, தஞ்சாவூர்

பதில்: முதலில் ஒன்று, அம்மா. கையேந்தும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். தசைச் சிதைவு நோயோடு பிறந்த ஒரு குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் ஊரைக் கேட்டது, ஊரும் கொடுத்தது. இரண்டு வயதுக்குள் போட வேண்டிய ஊசி அது, அவர்களுக்கு வேறு வழியே இல்லை.

உங்கள் பையனின் நோய் அப்படி ஒரே ஊசியில் முடிவதில்லை. பிறவி இக்தியோசிஸை முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. தினமும் குளியல், தோல் ஈரமாக இருக்கும்போதே களிம்பு, வெயிலில் உடம்பு சூடேறாமல் பார்த்துக்கொள்வது, தேவைப்பட்டால் டாக்டர் தரும் மாத்திரை. இது வருடக்கணக்கில் போகும் சின்னச் சின்னச் செலவு. சேனல்காரர்கள் குணமாக்கித் தருகிறோம் என்று சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். வரும் பணம் சில மாதத்தில் தீரும், வீடியோ அவன் வகுப்பில் இருக்கும் அத்தனை வீட்டு ஃபோனிலும் இருக்கும்.

அவனிடம் கேட்டீர்களா? எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியும். வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. சரி என்றாலும், பேசுவது நீங்களாக இருங்கள், அவன் முகம், பெயர், பள்ளிச் சீருடை எதுவும் தெரியக்கூடாது. சட்டையைக் கழற்றச் சொன்னாலோ களிம்பு பூசும்போது அழுவதை எடுக்கக் கேட்டாலோ விடாதீர்கள். பணம் நேராக அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். போடும் முன் உங்களுக்குக் காட்ட வேண்டும், எப்போது நீக்கச் சொன்னாலும் நீக்க வேண்டும். இது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து போட்டுத் தரச் சொல்லுங்கள். அவர்கள் தயங்கினால் அனுப்பிவிடுங்கள், சொந்தக்காரர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

இதற்கிடையில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு ஒரு தடவை போய், இப்போது வெளியே காசு கொடுத்து வாங்கும் களிம்புகளில் எதெல்லாம் அங்கேயே கிடைக்கும் என்று சீட்டோடு கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.