ஓடையில் கிடக்கும் கற்கள் எங்கிருந்து வந்தன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இலங்கையில், அவிசாவளையில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் ஆள் உயர உருண்டைக் கற்கள் கிடக்கின்றன, அவை மலையிலிருந்து உருண்டு வந்தவையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியவை எங்கிருந்தும் வந்திருக்காது, அந்த இடத்துக் கற்களாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் கொழும்பு வெள்ளவத்தைக்காரன். பாடசாலை விடுமுறைக்கு உங்கள் ஊருக்குப் பக்கத்துப் புவக்பிட்டியில் மாமா வீட்டுக்குப் போவேன். உருண்டைக் கல் என்றால் ஆறு உருட்டியது என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். ஒருநாள் இறப்பர் தோட்டத்துக்குப் பாதை வெட்டிய மண்மேட்டில், சிவப்பு மண்ணுக்குள் அதே உருண்டைக் கல் பாதி புதைந்து நின்றது. சுற்றிலும் வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காய் மண். விரலால் தள்ளினாலே உதிர்ந்தது. உள்ளே கை பட்ட இடம் எண்ணெய் பூசியது போன்ற கரும்பச்சை, இரும்பு மாதிரி உறுதி.

பாறையில் வெடிப்புகள் இருக்கும். மழைநீர் அவற்றின் வழியே இறங்கி அரிக்கும். மூலைக்கு மூன்று பக்கமும் நீர் படுவதால் அதுதான் முதலில் மண்ணாகும், நடுப்பகுதி உருண்டையாக மிஞ்சும். பிறகு ஓடை மண்ணைக் கழுவிக்கொண்டு போய்விட, கல் மட்டும் அங்கேயே நிற்கும்.

கைக்குள் அடங்கும் கற்கள்தான் பயணம் வந்தவை. ஒரே இடத்தில் ஐம்பது கற்கள் பொறுக்கி வகை பிரியுங்கள்: கரும்பச்சைக் கல், கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டது, பால் வெள்ளைப் படிகக்கல், சிவப்புப் பொட்டு வைத்தது (அந்தப் பொட்டு கார்னட் என்ற கனிமம்). அப்புறம் ஓடையின் மேல்புறம் நடங்கள். இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில் இரண்டிலும் தனித்தனியாகப் பொறுக்கிப் பாருங்கள். ஒரு வகை திடீரென்று காணாமல் போனால், அதன் தாய்ப்பாறை நீங்கள் கடைசியாக அதைக் கண்ட இடத்துக்குப் பக்கத்தில்தான். ரயில் பாதைச் சல்லி, செங்கல், சுவரிலிருந்து விழுந்த கபுக்கல் (செம்பூராங்கல்) இவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்தக் கரும்பச்சைக் கல்லின் பெயர் சார்னக்கைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரியின் கல்லறைக் கல்லைப் பார்த்து, 1890களில் தோமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர். கொல்கத்தா ஆற்று வண்டலில் நிற்கும் ஊர், அங்கே பாறை ஏது? சென்னைக்கு அருகே பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல் அது. உங்கள் ஓடையிலும் அதே இனம் கிடக்கிறது; 50 கோடி ஆண்டுகளுக்கு முன் இலங்கையும் தென்னிந்தியாவும் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்தன. எனக்கு இதை எத்தனை தரம் நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது.

மேலே மழை இருட்டியிருந்தால் ஓடையில் இறங்க வேண்டாம். கல்லின் பழைய தோல் ஏமாற்றும், ஆகவே உடைந்த முகம் தெரிய, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.