ஆளையும் ஆற்றையும் கெடுக்காமல் துணித் தொழில் நடத்திப் பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் சொந்தமாக ஒரு ஆடை பிராண்ட் ஆரம்பிக்கப்போகிற நீங்கள் கேட்டிருக்கிற வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. எந்த ஆர்கானிக் காட்டன் வாங்கலாம், என்ன சான்றிதழ் எடுக்கலாம், மறுசுழற்சி அட்டையில் டேக் எங்கே அடிக்கலாம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி வரியில் "தையலை மட்டும் வெளியே கொடுத்துவிடுவேன்" என்று முடித்திருக்கிறீர்கள். நான் திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறேன். குழந்தைகள் உடுப்பு, கொஞ்சம் சொந்த ஆர்டர், மீதி ஜாப் ஒர்க், அதாவது மற்றவர்கள் ஆர்டருக்குக் கூலிக்குத் தைப்பது. நீங்கள் சொல்கிற அந்த "வெளியே" என்னைப் போன்றவர்கள்தான். அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

சாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பஞ்சு எவ்வளவு சுத்தமாக விளைந்திருந்தாலும், அந்தத் துணியை நீங்கள் கருநீலத்திலோ மெரூனிலோ கேட்டால், இங்கே வழக்கமாகப் போடுகிற சாயம் நூலில் ஏற உப்பைக் கொட்டித்தான் ஆகவேண்டும். அந்த உப்பு சாயத் தண்ணீரோடுதான் வெளியே வரும். எங்கள் நொய்யல் ஆறு கெட்டது அப்படித்தான். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்குகிற இடமாகிப்போய், விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இங்கிருந்த 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இன்றைக்கு ஒழுங்காக ஓடுகிற பட்டறை ஆர்.ஓ. போட்டு, மிச்சத் தண்ணீரைக் காய்ச்சி, உப்பைத் தனியாகப் பிரித்து எடுக்கிறது. அந்தச் செலவு கிலோவுக்கு இவ்வளவு என்று சாயக்கூலியில் ஏறும், ஏறத்தான் வேண்டும். யாராவது ஊர் ரேட்டை விட ரொம்பக் குறைத்துச் சொன்னால், எந்தப் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வர நேரமானால் அங்கே கொடுக்காதீர்கள்.

சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கமெண்டில் வந்து சண்டை போட வேண்டாம். வேண்டும்தான். ஆனால் 2020-இல், இந்தியப் பஞ்சு 20,000 டன்னுக்கு, ஆர்கானிக் சரக்கு கைமாறும்போது கொடுக்கிற பரிவர்த்தனைச் சான்றுகள் போலியாகச் சுற்றுகின்றன என்று, ஆர்கானிக் துணிக்குத் தரம் வகுக்கிற கோட்ஸ் (GOTS) அமைப்பே அறிவித்தது. காகிதம் கையில் இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

இப்போது என் கதை. இயற்கை, நியாயம், கைகளின் கதை என்றெல்லாம் வலைத்தளத்தில் எழுதி வைத்திருக்கும் ஒரு பிராண்ட் என்னிடம் ஆர்டர் கொடுத்தது. பெயர் வேண்டாம். சாம்பிள் பார்த்தார்கள், பிடித்திருந்தது. பிறகு ஒரு பெண்ணைக் கேமராவோடு அனுப்பினார்கள், டேக்கில் போட எங்கள் டெய்லர்கள் சிரிக்கிற மாதிரி படம் வேண்டுமாம். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர், முடியில் ஒட்டிய பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டு, தலையைச் சரிசெய்துகொண்டு, நன்றாகவே சிரித்தார். படம் எடுத்து முடிந்ததும், "இதைப் போட்டா பீஸுக்கு ஏதாச்சும் கூலி கூடுங்களா கண்ணு?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, பாவம், சம்பளத்துக்கு வந்தவள். அடுத்த வாரம் மெயில் வருகிறது: படங்கள் அருமை, ஆனால் பீஸுக்குப் பத்து ரூபாய் குறைக்க வேண்டும், பணம் 90 நாளில்.

பத்து ரூபாயை எங்கே குறைப்பது? நூல் விலை என் கையில் இல்லை, சாயக்கூலியும் இல்லை. மிச்சம் இருப்பது கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங்தான், அதாவது ஆட்கள். கடையில் 600 ரூபாய்க்கு விற்கிற பனியனில் பத்து ரூபாய் என்பது இரண்டு சதவீதம்கூட இல்லை. அதே பத்து ரூபாயைத் தைப்பவரின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அங்கே அது வீட்டு வாடகை. விலையைக் குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பணம் 90 நாள் தாண்டியும் வரவில்லை. எங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பள நாள். சனிக்கிழமைக்கு 90 நாள் கடன் எல்லாம் தெரியாது. வளையலை அடகு வைத்துத்தான் சம்பளம் போட்டேன்.

சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006 சட்டமே சொல்கிறது. 2024 ஏப்ரலில் இருந்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வருஷம் வரைக்கும் வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. அதற்குப் பிராண்டுக்காரர் ஒருவர் என்னிடம் சொன்ன வழி என்ன தெரியுமா? சிறு நிறுவனம் என்று அரசிடம் நான் செய்திருக்கிற உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வந்தால் ஆர்டர் தருகிறாராம், அப்போது இந்தக் கெடு அவரைக் கட்டாது. "சமூகப் பொறுப்பு" என்று இவர்கள் எழுதும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

"உங்களுக்கு பிசினஸ் பேசத் தெரியவில்லை" என்று எழுதப்போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். நேரத்துக்குப் பணம் போடுகிற, நல்ல விலை கொடுக்கிற பையர்களும் இருக்கிறார்கள், அவர்களால்தான் என் யூனிட் ஓடுகிறது.

இன்னொன்று, ஆடிட், அதாவது யூனிட் ஒழுங்காக நடக்கிறதா என்று பையர்கள் ஆள் அனுப்பிச் சோதிப்பது. வருகிறவர்கள் தீயணைப்பானைப் பார்ப்பார்கள், சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்ப்பார்கள். நான் வேறு ஒன்றைப் பார்க்கச் சொல்வேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பெண்கள் பக்கத்தில் இருக்கிற தண்ணீர் பாட்டில்களைப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தால், கழிப்பறை சரியில்லை அல்லது எழுந்து போனால் சூப்பர்வைசர் திட்டுகிறார் என்று அர்த்தம். ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம், தண்ணீர் குடிக்காமல் தைத்த உடுப்பை எந்தப் பஞ்சில் செய்தால் என்ன?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒடிசாவில் இருந்து வந்து என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களுக்கு ஒரு அறை பிடிக்க நான் பட்டபாடு கொஞ்சமில்லை. "இந்திக்காரங்களுக்குத் தர்றதில்லைங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள், அவர்கள் பேசுவது ஒடியா என்று சொன்னால் காதில் வாங்குவதில்லை. தருகிறவர்களும் எங்களிடம் வாங்குவதைப்போல இரண்டு மடங்கு அட்வான்ஸ் கேட்கிறார்கள். இந்த ஊரே அவர்கள் உழைப்பில் ஓடும்போது இது நியாயமா?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் தையல் கூலியை எழுதுங்கள், அதற்குமேல் மற்றதைக் கூட்டி விலை போடுங்கள். அந்த விலைக்கு விற்க முடியாது என்று தோன்றினால், டிசைனைச் சுலபமாக்குங்கள், நிறங்களைக் குறையுங்கள், சாயமே போடாத துணியில் நாலு மாடல் செய்து பாருங்கள். கூலியில் கை வைக்காதீர்கள். முதல் ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்பணமாகக் கொடுங்கள், மீதி சரக்கு எடுக்கும் அன்றைக்கு. யூனிட் பார்க்கப் போவதாக இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் போங்கள். சம்பளம் கையில் வருகிறதா, "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புகிறார்களா என்று அங்கேயே தெரிந்துவிடும்.