இடிசி கோப்புறையை மட்டும் பேக்கப் எடுத்தால் போதுமா?

தென்மேற்குப் பருவமழைக்கு அடிக்கடி கரண்ட் போகிறது, செங்கோட்டைக் கடையின் உபுண்டு (லினக்ஸ்) சர்வருக்கு இடிசி (/etc) என்ற செட்டிங்ஸ் கோப்புறையின் பேக்கப் மட்டும் போதுமா என்கிறீர்கள். போதாது. செட்டிங்ஸ் பெரும்பாலும் அங்கேதான். ஆனால் ஒவ்வொரு யூசரின் கிரான்டேப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்) வார் (/var) கோப்புறைக்குள் இருக்கிறது, அதையும் சேருங்கள். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள அட்மின் யூசராக) டார் (எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டும் கட்டளை) போட்டு எடுங்கள்; பென்டிரைவுக்கு இழுத்துப் போட்டால் ஓனர், பெர்மிஷன் எல்லாம் போய்விடும்.

திரும்பப் போடும்போதுதான் ரொம்பக் கவனம் வேண்டும். புது டிஸ்க்கில் பழைய எஃப்எஸ்டேப்பை (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் ஃபைல்) அப்படியே போட்டுவிடாதீர்கள். அதில் பழைய டிஸ்க்கின் யூயூஐடி (அடையாள எண்) இருக்கும். சர்வர் பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். பேக்கப்பைத் தனி ஃபோல்டரில் விரித்து, டிஃப் (பழைய, புது ஃபைல்களின் வேறுபாடு) பார்த்து, வேண்டிய ஃபைலை மட்டும் எடுங்கள்.

பாஸ்வேர்டு ஹாஷ் (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம்), எஸ்எஸ்எல் சாவி (பாதுகாப்பான இணைப்புக்கான ரகசியச் சாவி) எல்லாம் பேக்கப்புக்குள் இருப்பதால் கட்டாயம் என்க்ரிப்ட் செய்து, மலைக்கு அந்தப் பக்கம் உங்கள் புனலூர்க் கிளையில் ஒரு பிரதி வையுங்கள்.