வட்டாரமா, பட்டியலா?

கேள்வி: அக்கா, நான் சாம்பல்தீவு. 400 மீற்றரில் தேசிய மட்டத்தில் பதக்கங்கள் எடுத்தவள். முழங்கால் காயத்தால் 31 வயதில் ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் நிற்கும்படி ஒரு கட்சி கேட்கிறது. "எடுத்த நல்ல பெயரைக் கெடுக்காதே" என்கிறார் அப்பா. எனக்கோ ஒரு தவணையோடு முடியாமல் நீண்டகாலம் வேலை செய்ய ஆசை. இறங்கலாமா?

பதில்: இறங்குங்கள் தங்கச்சி. ஆனால் கட்சிக்காரரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள். உங்களுக்குத் தருவது வட்டாரமா, மேலதிகப் பட்டியலா?

2018 தேர்தலிலிருந்து உள்ளூராட்சி சபைகளுக்கு 60 வீதம் பேர் வட்டாரத்தில் சனம் நேரடியாகத் தெரிவுசெய்தும், 40 வீதம் பேர் கட்சிக்கு விழுந்த வாக்குகளுக்கேற்பப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கீடு. நான் மனமார வரவேற்ற சட்டம் அது. ஆனாலும் வட்டார வேட்பாளர்களில் 10 வீதம் பெண்கள் இருந்தாலே கட்சிக்குப் போதும். மேலதிகப் பட்டியலில்தான் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும். அந்தப் பட்டியலில் யாரைச் சபைக்கு அனுப்புவது என்பதைத் தேர்தல் முடிந்தபிறகு கட்சிதான் தீர்மானிக்கும். உங்கள் படத்தை மதிலெல்லாம் ஒட்டி வாக்குச் சேர்த்துவிட்டு, வேறொருவரை அனுப்பவும் இடமுண்டு. அப்பாவின் பயம் அங்கேதான் நியாயமாகிறது. வட்டாரம் தந்தால் நில்லுங்கள். தோற்றாலும் எந்த ஒழுங்கையில் யார் உங்களை நம்பினார்கள் என்று தெரிந்திருக்கும்.

நீண்டகாலம் என்று எழுதியிருக்கிறீர்கள். உலகமே அறிந்த சனத் ஜயசூரிய 2010 இல் மாத்தறையில் வென்றார். பாராளுமன்றத்தில் இருந்தது 2015 வரை, ஒரே தவணை. பிரித்தானியாவின் பிலிப் நோயல்-பேக்கர் 1920 ஒலிம்பிக்கில் 1500 மீற்றரில் வெள்ளி எடுத்தவர். பாராளுமன்றம் போனது 1929 இல். 1931 இல் தோற்றார். 1936 இல் திரும்பி வந்தவர் 1970 வரை இருந்தார். ஆயுதக் குறைப்பை விடாமல் பேசிய அவருக்கு 1959 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

எனக்கு அவரைவிட நெருக்கமானவர் ஜெய்பால் சிங் முண்டா. 1928 இல் அம்ஸ்டர்டாமில் தங்கம் வென்ற இந்திய ஹொக்கி அணியின் தலைவர், தானே ஓர் ஆதிவாசி. அரசியல் நிர்ணய சபையில் எழுந்து தன் சனத்துக்காகப் பேசினார். 1952 தொடக்கம் 1970 இல் கண்மூடும்வரை மக்களவை உறுப்பினர். அவர் கேட்ட ஜார்கண்ட் மாநிலம் 2000 இல்தான் வந்தது. அத்தனை தேர்தலிலும் சனம் அவரை அனுப்பியது ஹொக்கிக்காக என்றா நினைக்கிறீர்கள்?

உங்களுக்கு எது அப்படி? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வெளிச்சமில்லாத மைதானத்தில் ஒரு பெண்பிள்ளை எப்படிப் பயிற்சி எடுப்பாள் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? தெருவிளக்கு, வடிகான், விளையாட்டு மைதானம் எல்லாம் பிரதேச சபையின் கையில் உள்ளவை. தேர்தல்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மைதானங்களுக்குச் சபை கடந்த வருடம் எவ்வளவு செலவழித்தது என்று 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும்.

அதை எழுதும்போது அப்பாவையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.