ஜெர்மனியில் மொபெட் ஓட்டும்போது பஸ்ஸுக்கும் டிராமுக்கும் எப்போது வழிவிட வேண்டும்?

லைப்சிக் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, 45 கிலோமீட்டர் வேக ஸ்கூட்டர் வாங்கப்போகிறேன், ஆனால் டிராமைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இதே ஊரில் ஐந்து வருடமாகப் பழைய சிம்சன் மொபெட் ஓட்டுகிறேன் (கிழக்கு ஜெர்மனிக் காலத்து வண்டி என்பதால் அதற்கு மட்டும் 60 வரை அனுமதி). டிராமைவிட, அதிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துத்தான் நீங்கள் அதிகம் பயப்பட வேண்டும்.

இங்கே பல நிறுத்தங்களில் டிராம் நடுரோட்டில் நிற்கும், மேடை எதுவும் இருக்காது, கதவு திறந்ததும் ஜனங்கள் நேராகத் தார்ரோட்டில் கால் வைப்பார்கள். வந்த புதிதில், நம் ஊரில் டவுன் பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே புகுந்து போவோமே, அந்தப் பழக்கத்தில் நான் டிராமின் வலதுபக்கச் சந்தில் நுழைந்துவிட்டேன். சக்கரம் வைத்த நடைவண்டியோடு ஒரு பாட்டி இறங்கினார். வண்டி அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அன்றைக்கு வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டேதான் போனேன்.

சாலை விதிகளின் 20ஆம் பிரிவு முழுக்க இதைப் பற்றித்தான். ரோட்டிலேயே ஆள் ஏறி இறங்கினால் வலதுபக்கம் நடை வேகத்தில், அவர்களிடமிருந்து விலகித்தான் போகலாம். அவர்களுக்கு இடைஞ்சல் என்றால் நின்றே ஆக வேண்டும். கதவு மூடும்வரை நான் நின்றுவிடுவேன், பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் சரி.

பஸ் கதை வேறு. நிறுத்தத்திலிருந்து கிளம்ப இண்டிகேட்டர் போட்டுவிட்டால் நீங்கள் வழிவிட வேண்டும், தேவைப்பட்டால் நிற்கவும் வேண்டும். மொபெட்காரர்கள் இதில்தான் அதிகம் தப்புச் செய்கிறோம், ஏனென்றால் நகரத்துக்குள் பஸ் 50இல் போகும், நாம் 45இல் போவோம், நிறுத்தத்துக்கு நிறுத்தம் அதே பஸ்ஸை முந்துவதும் அது நம்மை முந்துவதுமாக இருக்கும், எப்படியாவது முன்னால் போய்விடலாம் என்று கை தானாக முறுக்கும். முறுக்காதீர்கள்.

பஸ் நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகச் சிமிட்டிக்கொண்டு நிறுத்தத்தை நெருங்கினால் அதை முந்தவே கூடாது. நின்றபிறகும் சிமிட்டிக்கொண்டிருந்தால் நடை வேகத்தில் மட்டும் தாண்டலாம், எதிரே வருகிறவர்களுக்கும் இதே விதி. பள்ளிக்கூட பஸ் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் நிற்கும், குழந்தைகள் பஸ்ஸுக்கு முன்பக்கமாகக் குறுக்கே ஓடிவருவார்கள்.

டிராமுக்கு எல்லா இடத்திலும் முன்னுரிமை உண்டு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிக்னலும் பலகையும் இல்லாத சந்திப்பில் வலதுபக்கத்திலிருந்து வருகிறவருக்கு முதல் வழி, டிராமும் அதற்குக் கட்டுப்பட்டதுதான். ஆனால் தண்டவாளத்தின் மேலேயே போகும்போது பின்னால் டிராம் வந்தால் கூடியவரை விலகிக்கொடுக்க வேண்டும். இடதுபக்கம் திரும்பக் காத்திருக்கும்போதும் அதை மறித்து நிற்கக் கூடாது. அப்புறம், ஜீப்ரா கிராசிங்கில் நாம் நடப்பவர்களுக்காக நிற்க வேண்டும், டிராம் நிற்காது. நடந்து போகும்போதும் இதை ஞாபகம் வையுங்கள்.

பஸ் பாதையில் "சைக்கிள் போகலாம்" என்று பலகை இருந்தாலும் மொபெட் அதில் போகக் கூடாது.

மழையில் தண்டவாளம் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும், முடிந்தவரை நேர்க்குறுக்காகத் தாண்டுங்கள், அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள். வண்டி வாங்குவதற்கு முன் ஒரு நாள், நீங்கள் வேலைக்குப் போகும் வழியில் ஓடும் டிராமில் முன்பக்கம் நின்றுகொண்டு போய்ப் பாருங்கள், எந்தெந்த நிறுத்தத்தில் ஆட்கள் நேராக ரோட்டில் இறங்குகிறார்கள் என்று.