தாத்தாவுக்குக் காசநோய், பேரனுக்கு?

கேள்வி: என் மாமனாருக்குச் சளியில் காசநோய்க் கிருமி இருப்பதாகப் போன மாதம் சொன்னார்கள்; மருந்து சாப்பிடுகிறார். என் மூன்று வயது மகன் அவர் பக்கத்தில்தான் படுப்பான். இருமல் இல்லை. கழுத்தில் பட்டாணி அளவில் இரண்டு கட்டி, தூக்கத்தில் தலை வியர்க்கிறது. நான்கு மாதமாக எடை 12 கிலோதான். இணையத்தில் படித்ததிலிருந்து பயம். பிசிஜி தடுப்பூசி போட்டிருக்கிறோம். ரத்தப் பரிசோதனை எடுக்கவா? மருந்துக் கடையில் லெவோஃப்ளாக்சசின் சிரப் வாங்கி வைத்திருக்கிறேன்.

பதில்: அந்த ஆன்டிபயாடிக் சிரப்பைத் தொடாதீர்கள். அது காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கும். பிறகு பரிசோதனையில் நோய் அகப்படாமல் போகலாம்.

தொட்டால் நழுவுகிற பட்டாணி அளவு நெறிக்கட்டி இந்த வயதில் எத்தனையோ பிள்ளைகளுக்கு உண்டு. தலை வியர்ப்பதும் அப்படித்தான். இரண்டையும் விடுங்கள்.

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எடை ஏறவில்லை என்று, எனக்கு உறுத்துவது அதுதான். மூன்று வயதுக் குழந்தை வருடத்துக்கு ஏறக்குறைய 2 கிலோ கூட வேண்டும். வீட்டில் சளியில் கிருமி உள்ளவர் இருக்கும்போது எடை நின்றுபோனால், இருமல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழ் கிருமி தொற்றினால் நோயாக மாறும் வாய்ப்பு அதிகம், மூளைக்கும் பரவலாம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் குழந்தைகளுக்குக் காசநோய் வருகிறது. அதில் அதிகம் கண்டுபிடிக்கப்படாமல் போவது இந்தச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். இவர்கள் உடலில் கிருமி குறைவு, சளியைத் துப்பவும் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால்தான் காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியே சிறு குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்து, அதில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை செய்கிறோம். மலத்திலும் பார்க்கலாம். கூடவே மார்பு எக்ஸ்ரே, கிருமி தொற்றியிருக்கிறதா என்று தோலில் போட்டுப் பார்க்கும் மாண்டூ ஊசி. ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனையை நம்பவே முடியாது. 2012-லேயே இந்திய அரசு தடை செய்துவிட்டது.

பிசிஜி மூளைக் காசநோய் போன்ற கடும் வகைகளிலிருந்து ஓரளவு காக்கும். போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்க முடியாது.

இந்த வாரமே அரசு மருத்துவமனைக் காசநோய்ப் பிரிவுக்குப் போங்கள், எல்லாம் இலவசம். நோய் இல்லை என்று உறுதியானாலும் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். தடுப்பு மருந்து கேளுங்கள். வழக்கமாக ஆறு மாதம் தினமும் ஐசோனியாசிட் தருவார்கள். இதற்கிடையில் விடாத வாந்தி, அரைமயக்கம், வலிப்பு என்று எது வந்தாலும் அந்த நிமிடமே அவசரப் பிரிவு.

அப்புறம், தாத்தாவை ஒதுக்காதீர்கள். மருந்தை விடாமல் சாப்பிட்டால் சில வாரங்களில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறையும்; அதுவரை பையன் வேறு அறையில் படுக்கட்டும். போகும்போது எடை எழுதிய அட்டையோடு தாத்தாவின் சளிப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். அவருடைய கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்துத்தான் பையனுக்கான மருந்தை முடிவு செய்வார்கள்.